ட்ரெட்மில் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க. எனக்கு 38,500 ரூபாய் போச்சு

இன்னைக்கு சாயங்காலம்தான் கடையில சண்டை போட்டுட்டு வந்தேன். இன்னும் படபடப்பு அடங்கல. ஆனா இப்பவே எழுதிடணும், நாளைக்கு இன்னொருத்தர் அந்தக் கடைப் படி ஏறக் கூடாது.

எனக்கு சுகர் இருக்கு. போன தடவை மூணு மாசச் சராசரி 8.1 வந்ததும் டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்: வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி, பேச முடியணும், ஆனா பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும். வலது முட்டியில தேய்மானம் இருக்கறதால சைக்கிள் மிதிச்சா நல்லது, உடம்பு பாரத்தை சீட் தாங்கிக்கும்னும் சொன்னார். எனக்குப் பிடிச்சது நடைதான். கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல விடியக்காலையில அந்த மரங்களுக்கு அடியில ஒரு சுத்து வந்தா அன்னைக்கு முழுக்க மனசு லேசா இருக்கும். மாமியார் படுக்கையில விழுந்ததுல இருந்து காலையில வீட்டை விட்டு நகர முடியல. சரி, வீட்டுக்கே ஒரு எக்சர்சைஸ் சைக்கிள் வாங்கிடலாம்னு சீட்டு எடுத்த பணத்தோட போனேன். பிடிச்ச சைக்கிள் விலை 13,000.

கடை பேர் போடல, கேஸ் போடப் போறதால வக்கீல் வேண்டாம்னுட்டார். உடற்பயிற்சி மெஷின் மட்டுமே விக்கற ஷோரூம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அங்க இருந்த பையன், "சைக்கிளா? ரெண்டே மாசத்துல துணி காயப் போடத்தாங்க்கா ஆகும். உங்களுக்கு நடக்கப் பிடிக்கும்னா ட்ரெட்மில்தான். அடியில குஷன் இருக்கு, முட்டிக்கு ஒண்ணும் ஆகாது"ன்னான். ஏறிப் பாருங்கன்னு ஷூ எடுத்துக் கொடுத்தான். குனிஞ்சு லேஸ் கட்ட முடியாம நான் தடுமாறினதைப் பார்த்துட்டு, சட்டுனு தரையில உக்காந்து அவனே கட்டிவிட்டான். "எங்கம்மாவுக்கும் முட்டி வலிதாங்க்கா, வீட்ல இதே மெஷின்தான் ஓடுது"ன்னான். அந்த இடத்துலதான் விழுந்தேன். பெத்த பிள்ளைகூட எனக்கு லேஸ் கட்டிவிட்டதில்லை.

"நான் 88 கிலோ இருக்கேன் தம்பி, தாங்குமா?"ன்னு வாய் விட்டுக் கேட்டேன். மெஷின் பக்கவாட்டுல இருந்த ஸ்டிக்கர்ல விரலை வச்சுக் காட்டினான். 110 கிலோ. மோட்டார் 4 எச்.பி.ன்னான். 38,500 ரூபாயை முழுசா எண்ணிக் கொடுத்தேன்.

ஒன்பதாவது நாள். பன்னெண்டு நிமிஷம்கூட நடந்திருக்க மாட்டேன், வயர் கருகற வாடை வந்துச்சு. பெல்ட் காலுக்கு அடியில நின்னு நின்னு இழுத்துச்சு. கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சதால விழல.

போன் பண்ணினா, "டெக்னீஷியன் ஈரோடு லைன்ல இருக்கார், நாளைக்கு வந்துருவாருங்க்கா." அந்த நாளைக்கு மூணு வாரம் ஆச்சு. அப்புறம் "ஸ்டெபிலைசர் போட்டீங்களா?" அதுக்கப்புறம் "பெல்ட்டுக்கு சிலிக்கான் ஆயில் விட்டீங்களா?" ஒன்பது நாள் ஓடின புது மெஷினுக்கு! அந்தப் பையனைக் கேட்டா வேலையை விட்டு நின்னுட்டானாம். அதைச் சொல்லும்போதே பின்னாடி இருந்து "சொல்லுங்க்கா, சைக்கிளா ட்ரெட்மில்லா?"ன்னு அதே குரல் கேக்குது. வேற யாரோ ஒரு அக்கா நின்னுட்டு இருந்திருக்காங்க.

பொறுக்க முடியாம இன்னைக்கு நானே மோட்டார் காயில் கட்டற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து மூடியைக் கழட்டச் சொன்னேன். மோட்டார் மேல இருந்த தகட்டுல 1.5 எச்.பி.ன்னு இருக்கு. 4ங்கறது பீக், ஒரு நொடிக்கு எட்டிப் பிடிக்கற உச்சம். அரை மணி நேரம் தொடர்ந்து இழுக்கறது இந்த 1.5தான்னு அவர் விளக்கினார். அதுகூடப் பரவாயில்ல. பக்கவாட்டு ஸ்டிக்கரோட மூலை லேசா தூக்கிட்டு இருந்துச்சு. அவர் நகத்தால உரிச்சார். உள்ள இன்னொரு ஸ்டிக்கர். அதிகபட்ச எடை 80 கிலோ.

அதைப் போட்டோ எடுத்துட்டு நேரா கடைக்குப் போனேன். ஓனர் போட்டோவைப் பார்க்கவே இல்ல. பில்லைத் திருப்பிப் போட்டு, "எடை தாண்டினா வாரண்டி கிடையாதுங்க, பின்னாடியே போட்டிருக்கு"ன்னார். எடையை மறைச்சு வித்தது அவங்க, 88 கிலோ இருந்தது என் குத்தமாம்! பாதியாவது திருப்பிக் கொடுங்கன்னு கேட்டதுக்கு, "வேணும்னா எக்ஸ்சேஞ்ச்ல ஒரு சைக்கிள் எடுத்துக்கங்க, 5,000 கழிச்சுக்கலாம்"ங்கறார். 38,500 ரூபாய் மெஷினுக்கு 5,000!

என்ன பார்த்து வாங்கணும்னு விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப மனசு ஓடல. இதை மட்டும் பிடிச்சுக்கோங்க. பீக் எச்.பி. எவ்வளவுன்னு கேக்காதீங்க, கன்டினியூவஸ் எச்.பி. எவ்வளவுன்னு கேளுங்க. எடை வரம்பை பில் மேலயே எழுதி வாங்குங்க. பில்லுக்குப் பின்பக்கத்தைப் பணம் கட்டறதுக்கு முன்னாடி படிங்க. டாக்டர் சைக்கிள்னு சொன்னா சைக்கிள்தான், கடைக்காரன் மாத்தக் கூடாது.

அஞ்சு லட்சத்துக்குள்ள வாங்கின பொருள்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கட்டணமே இல்லாம வழக்குப் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். நாளைக்குக் காலையில முதல் வேலையா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கறேன். உங்க வீட்டு மெஷின்லயும் 110 கிலோன்னு ஸ்டிக்கர் இருந்தா, மூலையை நகத்தால தூக்கிப் பாருங்க. அடியில வேற எண் இருந்தா உரிக்காம அப்படியே வீடியோ எடுத்து வைங்க. நான் அவசரத்துல முழுசா உரிச்சுட்டேன்.