‘டைம்ஸோன் அப்டேட்’ என்று பில் வந்தது, சர்வரை யாரும் தொடவில்லை

பெங்களூரில் சர்வர் பராமரிப்புக்கு ஆள் தேடும் தமிழர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அல்சூரில் நானும் தங்கையும் வீணையும் வாய்ப்பாட்டும் கற்றுத்தருகிறோம். மாணவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். யாருக்கு எந்த நேரத்தில் வகுப்பு என்பதை அவரவர் ஊர்க் கணக்கில் காட்டும் சிறு நிரல் எங்கள் சர்வரில் ஓடுகிறது. அதைப் பராமரிக்க, தெரிந்தவர் மூலமாக வந்த ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு 9,000 ரூபாய் கொடுத்துவந்தோம். ஒவ்வொரு பில்லிலும் ‘டைம்ஸோன் அப்டேட்’, அதாவது நேர மண்டலப் புதுப்பிப்பு, என்று ஒரு வரி இருக்கும்.

நேர மண்டலங்கள் ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துவிடக்கூடியவை அல்ல. உலக நாடுகளின் நேர விதிகளைத் தொகுக்கும் தரவுத்தளம், இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் அயானா (IANA) அமைப்பின் வழியாக ஆண்டுக்குச் சிலமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. எகிப்து, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் கோடைக்கால நேரத்தைப் பல ஆண்டுகள் கைவிட்டிருந்து, 2023 ஏப்ரல் 28 அன்று மீண்டும் கொண்டுவந்தது. எங்கள் மாணவி ஒருத்தி கெய்ரோவில் இருக்கிறாள். நம்மூர் மாலை 6.30, அன்று முதல் அவளுக்கு மாலை 4 மணி. எங்கள் பக்கமோ 3 மணி என்றே காட்டியது. குழந்தை வீணையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பராமரிப்பவரிடம் கேட்டபோது, “சர்வரில் எல்லாம் சரியாக இருக்கிறது அக்கா, அவர்கள் போனில்தான் கோளாறு” என்றார். நாங்கள் விடாமல் கேட்கவே, கெய்ரோவுக்கு மட்டும் கையால் ஒரு மணி நேரம் கூட்டி எழுதிவிட்டார். அக்டோபர் கடைசியில் எகிப்து பழைய நேரத்துக்குத் திரும்பியதும் அது மறுபடி தவறியது. உடனே, நேரக் கணக்கையே புதிதாக எழுத வேண்டும் என்று தனியாகப் பணம் கேட்டு வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லா மாணவர்களுக்கும் வகுப்பு நேரம் 23 நிமிடம் முன்னதாகக் காட்டியது. லண்டன் மாணவனுக்குப் பகல் 1 மணிக்குப் பதில் 12.37! இதற்கு அவர் சொன்ன காரணம், இன்டர்நெட் மெதுவாக இருக்கிறதாம்.

ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகளிடம் காட்டினோம். பராமரித்தவர் கடவுச்சொல்லைத் தர மறுத்துவிட்டார். சர்வர் கணக்கு எங்கள் பெயரில் இருந்ததால் மாற்ற முடிந்தது. உள்ளே போனதும் அவள் சொன்னது இது: பைதான் என்ற நிரல்மொழியில் நேர மண்டலங்களைக் கணக்கிடும் பைட்ஸ் (pytz) நூலகம் 2021.3 பதிப்பிலேயே நிற்கிறது. அது நேர விதிகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். இயங்குதளமோ உபுண்டு 18.04, அதன் வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்திவைத்திருந்தார்.

அந்த 23 நிமிடத்துக்கும் காரணம் அங்கேயே இருந்தது. பைட்ஸில் இந்திய நேர மண்டலத்தின் பெயரான ஏசியா/கொல்கத்தா என்பதை நேரடியாகப் பொருத்தினால், கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கும் இந்திய நேரத்துக்குப் பதில், 5 மணி 53 நிமிடம் முன்னால் இருக்கும் கொல்கத்தாவின் பழைய உள்ளூர் நேரம் வந்து உட்கார்ந்துவிடும். லோக்கலைஸ் என்ற செயல்வழியாகப் பொருத்த வேண்டும் என்று அந்த நூலகத்தின் கையேடே சொல்கிறது. தொழில் தெரிந்தவர் செய்யக்கூடிய தவறே அல்ல.

இப்போது புதிய உபுண்டுவுக்கு மாறி, பைட்ஸுக்குப் பதில், பைதான் 3.9 முதல் கூடவே வரும் ஸோன்இன்ஃபோ (zoneinfo) நூலகத்தைப் பயன்படுத்துகிறோம். அது உபுண்டு போன்ற லினக்ஸில் இயங்குதளத்தின் நேர விதித் தொகுப்பான டிஇசட்டேட்டாவை (tzdata) படிப்பதால், அந்தத் தொகுப்பு புதுப்பிக்கப்பட்டால் போதும்; நிரலை மறுதொடக்கம் செய்ததும் கணக்கு சரியாகிவிடும். ஆனால் டேட்டாபேஸாக மைசீக்வல் (MySQL) வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதன் நேர மண்டல அட்டவணைகளைத் தனியாக ஏற்ற வேண்டும்.

யாரிடம் வேலை கொடுத்தாலும் கடவுச்சொல்லும் சர்வர் கணக்கும் உங்கள் கையில் இருக்கட்டும். பில் வரும்போது, எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையில் வேலை செய்தவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

பணத்தைத் திருப்பித் தரக் கேட்டோம், எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அவரோ கோரமங்கலா, எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கத்துத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் அதே 9,000 ரூபாய் விளம்பரத்தை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்.