கட்டுவிரியனா, நல்லபாம்பா? மெடிசினை ஜோடி ஜோடியாகப் படிப்போம்

மெடிசின் தேர்வில் கொடுக்கப்படும் நான்கு விடைகளில் இரண்டை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம். மிச்சம் இருக்கிற இரண்டில்தான் மார்க் போகிறது. ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு நோய்களை எதிரெதிரே நிறுத்தி, இவற்றைப் பிரித்துக் காட்டுகிற அடையாளம் எது, அதனால் சிகிச்சை எங்கே மாறுகிறது என்று பார்த்து வைத்தவர் அந்த மார்க்கை எடுத்துவிடுவார். ஒருவரிக் குறிப்புகளாக மனப்பாடம் செய்தவருக்கு இரண்டு நோயும் ஞாபகம் இருக்கும், ஆனாலும் கை தடுமாறும்.

தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008இல் வந்தது, கிருஷ்ணகிரியில் 2022இல். இந்த இரண்டு ஊரிலும் படிப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பாடப்புத்தகத்தின் கஷ்டமான ஜோடிகள் இங்கே வார்டுக்கே வருகின்றன. பாம்புக்கடி, பூச்சிமருந்து, மழைக்காலக் காய்ச்சல், ஃப்ளோரைடு தண்ணீர். இவற்றிலிருந்து எனக்கு முக்கியமாகப் படுகிற ஜோடிகளை இங்கே அலசுகிறேன். எல்லாவற்றுக்கும் சம இடம் தரப்போவதில்லை, ஏனென்றால் தேர்விலும் சரி, வார்டிலும் சரி, அவை சமமாக வருவதில்லை.

நல்லபாம்பும் கட்டுவிரியனும்

"ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தான் சார். விடிகாலையில வயிறு வலிக்குதுன்னான். இப்ப கண்ணே தொறக்க மாட்டேங்கிறான்." இப்படி ஒரு அம்மா சொன்னால் கேஸ் பாதி முடிந்தது. தரையில் பாய் விரித்துப் படுத்த பையன், கடித்தது தெரியவே இல்லை, காலில் வீக்கமும் இல்லை, விடியும்போது வயிற்றுவலி, அப்புறம் இமை தொங்குகிறது. இது கட்டுவிரியன். பல்தடம் கண்ணில் படவில்லை என்பதற்காக பாம்புக்கடியை ஒதுக்கிவிடாதீர்கள். வயிற்றுவலி என்று சர்ஜரி பக்கம் அனுப்பிவைத்தால், மூச்சுத் தசை செயலிழக்கிற நேரத்தில் பையன் ஸ்கேன் அறை வாசலில் இருப்பான்.

நல்லபாம்பு கடித்தால் பெரும்பாலும் தெரியும். வலி, வீக்கம், சில நாளில் அந்த இடத்துச் சதை அழுகுதல். இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது, விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் ஆகியவை இரண்டு கடிக்கும் பொது. அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது.

பிரிப்பது நச்சு வேலை செய்கிற இடம். நல்லபாம்பின் நச்சு நரம்புக்கும் தசைக்கும் இடையில் தசையின் பக்கம் உள்ள அசிட்டைல்கோலின் (நரம்பின் கட்டளையைத் தசைக்குச் சொல்லும் வேதிப்பொருள்) ஏற்பியில் போய் உட்காருகிறது. பூட்டில் தப்பான சாவி செருகிக் கிடப்பதுபோல. நல்ல சாவிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் பூட்டு திறக்க வாய்ப்பு உண்டு. அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் என்ற மருந்து செய்வது அதைத்தான். பெரியவருக்கு 1.5 மில்லிகிராம் நியோஸ்டிக்மின் தசை ஊசியாகவும், கூடவே 0.6 மில்லிகிராம் அட்ரோபினும் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் இமையைக் கவனிக்க வேண்டும். தூக்கினால் தொடரலாம்.

கட்டுவிரியனின் நச்சு நரம்பின் முனையையே சிதைக்கிறது. அசிட்டைல்கோலின் வெளியே வந்தால்தானே நியோஸ்டிக்மின் அதைக் காப்பாற்றும்? அதனால் இங்கே அதற்குப் பெரிய பலன் இல்லை. பாம்பு விஷ முறிவு மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும், ஆனால் ஏற்கெனவே சிதைந்த முனையை அது திருப்பித் தராது. நரம்பு முனை புதிதாக வளர நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காப்பாற்றுவது வென்டிலேட்டர்தான். கட்டுவிரியன் கடியில் கண்பாப்பா விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கலாம், கைகாலும் அசையாது. அதை வைத்து மூளைச்சாவு என்று முடிவுகட்டக் கூடாது. நோயாளிக்குள் நினைவு முழுதாக இருக்கலாம், நீங்கள் கட்டில் பக்கத்தில் பேசுவது எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாரும் கேட்காவிட்டாலும் இதை மறக்காதீர்கள்.

வென்டிலேட்டருக்குப் போகிற நேரத்தை எப்படி முன்கூட்டிப் பிடிப்பது? ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எண்ணச் சொல்லி, எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் தயாராகிவிடுங்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும்

இரண்டும் ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை. கண்ணாடிவிரியன் நச்சு ஐந்தாம், பத்தாம் உறைதல் காரணிகளைத் தூண்டுகிறது, சுருட்டைவிரியன் நச்சு நேராக புரோத்ராம்பின் என்ற காரணியைத் தூண்டுகிறது; இரண்டிலும் காரணிகள் செலவாகித் தீர்ந்துவிடும். படுக்கையருகில் இந்த வேதியியல் உதவாது. மூன்று விஷயங்களைப் பாருங்கள். சிறுநீரகம் பழுதானால் கண்ணாடிவிரியன் பக்கம் சாயுங்கள். கண்வெள்ளை வீங்கி, கன்னம் உப்பி, ரத்த அழுத்தம் இறங்கினால் நுண்குழாய்கள் கசிகின்றன, அதுவும் கண்ணாடிவிரியன். தென்னிந்தியாவில் கேட்கத் தகுந்த மூன்றாவது: ரத்தம் உறையவில்லை, இமையும் தொங்குகிறது. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் அதுவும் கண்ணாடிவிரியன்தான். பிழைத்துப் போனவர் சில மாதங்களோ வருடங்களோ கழித்து சோர்வு, மாதவிடாய் நிற்பது, குறைந்த ரத்த அழுத்தம் என்று வந்தால் பிட்யூட்டரி சுரப்பியை நினையுங்கள்.

இருபது நிமிட உறைதல் சோதனையை எல்லோரும் ஒரு வரியில் எழுதுகிறார்கள், செய்யத்தான் தெரிவதில்லை. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது. ரத்தத்தை உறையத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புதான், பன்னிரண்டாம் காரணி அதைத் தொட்டுத்தான் விழித்துக்கொள்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிய பழைய குழாயும் அப்படியே ஏமாற்றும். சிரையிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து விட்டு, அறை வெப்பநிலையில் ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நடுவில் ஆட்டிப் பார்க்கக் கூடாது. 20 நிமிடம் ஆனதும் ஒரே ஒருமுறை சாய்க்க வேண்டும். ரத்தம் வழிந்து ஓடினால் உறையவில்லை. சந்தேகம் இருந்தால் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உறையவில்லை என்றால் விஷ முறிவு மருந்து 10 குப்பி. மறுபடி சோதனை 6 மணி நேரம் கழித்து. ஏன் ஆறு? நச்சு முறிந்த பிறகும் கல்லீரல் புதுக் காரணிகளைச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒரு மணிக்கு ஒருமுறை பார்த்துப் பதறி மருந்தை ஏற்றுவதில் பயனில்லை. குழந்தைக்கும் அதே 10 குப்பிதான், பாம்பு ஆளைப் பார்த்து நச்சின் அளவைக் குறைப்பதில்லை. சோதனை ஊசி போடத் தேவையில்லை. ஒவ்வாமை வந்தால் பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தசையில். விஷ முறிவு மருந்துக்கான நச்சின் பெரும் பகுதியைப் பல ஆண்டுகளாகத் தந்துவருவது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978இல் தொடங்கிய அந்தச் சங்கத்தாரின் உழைப்பு நம் வார்டின் ஒவ்வொரு குப்பியிலும் இருக்கிறது.

பூச்சிமருந்தும் கட்டுவிரியனும்

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி, ஓசூர் பக்கம் ரோஜா. மருந்து தெளிக்காத வாரம் குறைவு. அதனால் ஆர்கனோபாஸ்பேட் (அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கும் பூச்சிமருந்து வகை) நச்சு, தெளிக்கும்போது உடம்பில் பட்டும் வரும், மனம் உடைந்து குடித்தவர்களிடமும் வரும். விவரம் தெரியாமல், கழுத்துத் தசை தளர்ந்து மூச்சுத் திணறலோடு வந்தால் கட்டுவிரியன் கடியோடு குழப்பும்.

பிரிப்பது ஈரம். எச்சில், கண்ணீர், வியர்வை, நுரையீரல் முழுக்கச் சளி, ஊசிமுனைக் கண்பாப்பா, குறைந்த நாடி, தோலுக்கடியில் தசை துடிப்பு என்றால் ஆர்கனோபாஸ்பேட். கட்டுவிரியன் கடியில் இந்தச் சளிப்பெருக்கு இருக்காது. இதில் ஒரு பொறி உண்டு: ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரோபின் போட்டு அனுப்பியவருக்குக் கண்பாப்பா விரிந்திருக்கும், வாய் உலர்ந்திருக்கும். எனவே பரிந்துரைச் சீட்டைப் படிக்காமல் கண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

அட்ரோபினை 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். எதுவரை? நெஞ்சில் சளிச் சத்தம் அடங்கி, நாடி 80க்கு மேலும், மேல் ரத்த அழுத்தம் 80க்கு மேலும் வரும்வரை. கண்பாப்பா விரிவதை மட்டும் இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். நாடி வேகமாக இருக்கிறது என்று அட்ரோபினைத் தள்ளிப்போடவும் கூடாது. மறுபக்கம், காய்ச்சல், பிதற்றல், குடல் சத்தம் இல்லாமை என்று வந்தால் அட்ரோபின் கூடிவிட்டது.

தேறிவிட்டார் என்று நினைக்கிற நேரத்தில், 1 முதல் 4 நாளுக்குள், சளி எதுவும் இல்லாமல் கழுத்தைத் தூக்க முடியாமல் போவது இடைநிலை நோய்க்குறி. 2, 3 வாரம் கழித்துப் பாதம் தொங்கினால் தாமத நரம்புப் பாதிப்பு. தேர்வில் நாள் கணக்கைத்தான் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். கார்பமேட் என்ற இன்னொரு பூச்சிமருந்து வகை என்றால் தானாகவே நொதியை விட்டு விலகிவிடும், நொதியை மீட்கும் ஆக்சைம் மருந்து பொதுவாகத் தேவைப்படாது.

அரளியா, ஒடுவந்தழையா என்ற நச்சுச் செடிகளின் ஜோடி நம் பக்கத்துக்கே உரியது. இரண்டும் இதயத் துடிப்பைக் கெடுக்கும். அரளியில் பொட்டாசியம் ஏறும், ஒடுவந்தழையில் சிறுநீரகக் குழல் அமிலத்தேக்கத்தோடு பொட்டாசியம் இறங்கும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை பிரித்துவிடும்.

டெங்குவும் ஸ்க்ரப் டைஃபஸும்

மழைக்குப் பின் ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி, தட்டணுக்கள் குறைவு. இரண்டும் இப்படியே வரும். டெங்குவில் வெள்ளணுக்கள் குறையும், காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து தொடங்கும், ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். நுண்பூச்சி கடியால் வரும் பாக்டீரியாக் காய்ச்சலான ஸ்க்ரப் டைஃபஸில் வெள்ளணுக்கள் சரியாகவோ கூடுதலாகவோ இருக்கும், காய்ச்சல் வாரத்தைத் தாண்டியும் நிற்கும், நுரையீரலும் கல்லீரல் நொதிகளும் சேர்ந்து கெடும்.

பிரிப்பது கரும்புண். சிகரெட் சுட்டதுபோல் நடுவில் கருத்த பொருக்கு. வலிக்காது, அதனால் நோயாளி சொல்லமாட்டார். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பகத்துக்கு அடியில், பிறப்புறுப்பைச் சுற்றி. துணியை விலக்கிப் பார்க்கத் தயங்கினால் கிடைக்காது. பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களிலிருந்து காய்ச்சலோடு வருகிறவரைத் திரை போட்டு, அனுமதி கேட்டு, முழுதாகப் பார்த்துவிடுங்கள். கண்டால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். கடும் ஸ்க்ரப் டைஃபஸில் டாக்ஸிசைக்ளினோடு அசித்ரோமைசினும் சேர்த்து சிரை வழியே கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. பழைய நோட்ஸில் இது இருக்காது.

டெங்குவில் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் தட்டணு ஏற்றுவதை நான் எந்தத் தேர்விலும் விடையாக எடுக்க மாட்டேன்.

தொப்பூர் கணவாயில் லாரி மோதி வருகிற தலைக்காயத்துக்கும் ஒரு வார்த்தை. நினைவு தப்பி, தெளிந்து பேசி, மறுபடி மயங்கினால் எக்ஸ்ட்ராடியூரல் (மூளை உறைக்கு வெளியே ரத்தக்கட்டு): தமனி ரத்தம், ஸ்கேனில் இருபுறம் குவிந்த வடிவம். பிறை வடிவம் என்றால் சப்டியூரல் (உறைக்கு அடியில் ரத்தக்கட்டு): சிரை ரத்தம். முதியவரிடம் வாரக்கணக்கில் மெல்லவும் வரும்.

ஃப்ளோரோசிஸும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸும்

நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடுதல், அது எலும்பிலும் பல்லிலும் படிவதே ஃப்ளோரோசிஸ். அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தண்ணீர் தரத் தொடங்கியது. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழி இல்லாத இடத்தில் 1.5. ஆழ்துளைக் கிணற்றை நம்பி வளர்ந்த தலைமுறை இன்னும் நம் ஓ.பி.யில் வந்து உட்காருகிறது.

இரண்டிலும் முதுகு இறுகும், குனிய முடியாது, எக்ஸ்ரேயில் தசைநார்களில் சுண்ணாம்பு படியும். ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு அழற்சி இளம் வயதில் தொடங்கும், காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்து நடமாடினால் குறையும், கண் சிவந்து வலிக்கலாம், எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுச் சோதனை கைகொடுக்கும். இடுப்பின் சாக்ரோஇலியாக் மூட்டு அரிக்கப்பட்டிருப்பது முக்கியம்.

ஃப்ளோரோசிஸுக்கு முன்கையை எக்ஸ்ரே எடுங்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் விவாதம் முடிந்தது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சீராக வெளுத்து அடர்ந்திருக்கும். வயதான ஆணிடம் அந்த அடர்த்தி திட்டுத்திட்டாக இருந்தால் புராஸ்டேட் புற்றுநோய்ப் பரவலையும் விலக்க வேண்டும். படுக்கையருகில் மூன்று சோதனை போதும்: முழங்காலை மடக்காமல் கால்விரலைத் தொடுவது, தாடையை நெஞ்சில் வைப்பது, இரு கையையும் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோவது.

பல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல் எனாமல் உருவாகிற வயதில், ஏறத்தாழ 8 வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்குத்தான் பழுப்புக் கோடு விழும். வேறு ஊரில் பிறந்து, கல்யாணமாகிக் காரிமங்கலம் பக்கம் வந்து 25 வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்த அம்மாவுக்குப் பல் முத்துப்போல் இருக்கும், முதுகு மட்டும் கட்டையாகிப் போயிருக்கும். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஊர்த் தண்ணீரை எத்தனை வருடம் குடித்தார் என்பதுதான்.

கால் விறைப்பும் தடுமாற்ற நடையும் சேர்ந்தால் தண்டுவடம் அழுந்துகிறது, எம்.ஆர்.ஐ.யும் அறுவை சிகிச்சை நிபுணரின் கருத்தும் உடனே வேண்டும். படிந்த ஃப்ளோரைடைக் கரைக்க மருந்து கிடையாது. ஆகவே சிகிச்சை என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாகக் குடிநீர் ஆதாரத்தை மாற்றுவதை எழுதுங்கள், அடுத்ததாகக் கால்சியமும் வைட்டமின் சி-யும் நிறைந்த உணவு, பிறகு வலி நிவாரணமும் உடற்பயிற்சியும்.