காட்டிய குடை ஒன்று, கட்டிக் கொடுத்த குடை ஒன்று

மும்பையில் மடக்குக் குடை வாங்கக் கிளம்பும் தமிழ் நண்பர்கள் கடைப்படி ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். “650 ரூபாய்க் குடைக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா?” என்று என் மனைவி கேட்டாள். தொகை எனக்குப் பெரிதில்லை. தாணேயில் ஒரு டூல் ரூமில், அதாவது அச்சும் கருவியும் செய்யும் பட்டறையில், 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஸ்பிரிங், ரிவெட் ஆணி, தகடு இந்த மூன்றும்தான் எனக்குச் சோறு போட்டன. அந்த மூன்றால் ஆன ஒரு பொருளைக் காட்டி என்னையே ஏமாற்றிவிட்டார்கள். அந்த எரிச்சல்தான் எழுத வைக்கிறது.

ஜூன் 8. மழை இன்றோ நாளையோ என்றிருந்தது. மாட்டுங்காவில் பூவும் வாழை இலையும் வாங்கிக்கொண்டு தாதர் மேற்கு வரை நடந்தோம். ஸ்டேஷனைச் சுற்றிக் கடைக்குக் கடை குடைத் தோரணம். நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு போவது காதில் விழுந்ததும் ஒரு கடைக்காரர், “வாருங்கள் அண்ணா, வாருங்கள் அக்கா, பாருங்கள்” என்றார். அவர் தமிழர் இல்லை. ஆனாலும் இந்த ஊரில் நம் மொழியில் யாராவது கூப்பிட்டால் கால் தானாக நின்றுவிடுகிறது.

நீல நிறக் குடை ஒன்றை எடுத்தார். மூன்று மடிப்பு. பொத்தானை அழுத்தினால் விரியும், மறுபடி அழுத்தினால் சுருங்கும் வகை. விரித்து, துணியைக் கையால் உள்வெளியாகத் திருப்பிப் பெரிய கிண்ணம்போல் ஆக்கினார். ஒரு உலுக்கு உலுக்கினார், பழையபடி ஆகிவிட்டது. இப்படி இரண்டு முறை. “புயல் வந்தாலும் உடையாது. முழுக்க ஃபைபர்” என்றார்.

நான் சும்மா நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடையை வாங்கி, கம்பிகளைத் துணிக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். உச்சியை ஒட்டிய முதல் துண்டு மட்டும் உலோகத் தகடு. அது குற்றமில்லை, நல்ல குடையிலும் அப்படித்தான் இருக்கும். நடுத்துண்டும் கடைசித் துண்டும் கெட்டியான, உருண்டையான ஃபைபர் கிளாஸ். ரிவெட்டுகளில் ஆட்டம் இல்லை. 850 சொன்னார், 650க்குப் படிந்தது. மேஜைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்துப் பார்க்கிறேன் என்றேன். “சீல் உடைத்தால் ஒரு வருட வாரண்டி போய்விடும் அண்ணா, வீட்டில் போய்ப் பிரியுங்கள்” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். குடை மழைக்கு என்றால் சீல் உடைக்காமல் எப்படிப் பிடிப்பது என்று கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் ஒரு காரியம் செய்தேன். என் கருவிகளில் எல்லாம் மூன்று புள்ளி குத்தி வைப்பேன், யாரும் மாற்றிவிடக் கூடாது என்று. குடைத் தண்டிலும் கைப்பிடிக்கு மேலே சன்னமாக மூன்று புள்ளி குத்தினேன். கம்பிகளைப் பார்க்கத்தான் மறந்தேன்.

ஜூலை 3 காலை. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள் மஸ்ஜித் பந்தரில் ஒரு சிறு பட்டறைக்குப் போகிறேன். செம்பூரில் ஏறி, நனைந்த குடையை மடக்கி, நாடாவால் கட்டிக் கையில் பிடித்திருந்தேன். வண்டி வடாலாவைத் தாண்டியது. நான் பொத்தானைத் தொடவே இல்லை. கைப்பிடி ‘டக்’கென்று தானாகப் பாய்ந்து எதிரில் நின்ற இளைஞரின் முகத்தில் அடித்தது. அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து யாருடைய டிபன் பைக்குள்ளோ விழுந்தது. அதே பக்கம், சற்றுத் தாழ்வாக, அப்பாவின் இடுப்பில் ஒரு குழந்தை. இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. கண்ணாடிச் சட்டத்துக்கு 400 ரூபாய் கொடுத்தேன். அந்த இளைஞர் வேண்டாம் என்றார், நான் விடவில்லை.

ஏன் பாய்ந்தது? குடைத் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று குழாய்கள். அவற்றுக்குள் நீளமான ஒரு ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பொத்தானை முதல் முறை அழுத்தினால் பூட்டு விலகி, ஸ்பிரிங் குழாய்களை நீட்டும். கூடவே உள்ளே ஓடும் கயிறு ஒன்று, கம்பிகள் மாட்டியிருக்கும் வளையத்தை மேலே இழுக்கும், குடை விரியும். இரண்டாம் முறை அழுத்தினால் வளையம் விடுபட்டுத் துணி சுருங்கும். தண்டு மட்டும் நீண்டபடியே நிற்கும். அதை நாம்தான் பலங்கொண்டு உள்ளே தள்ளி ‘டிக்’ என்று பூட்டுகிறோம். அந்த அழுத்தம் முழுவதும் ஸ்பிரிங்கில் போய்ச் சேர்கிறது. வீட்டுத் தராசில் குடையை நிறுத்தி வைத்து அழுத்திப் பார்த்தேன். பூட்டு விழும்போது முள் 10 கிலோவைத் தாண்டியது. ஆக, மடக்கிய குடை என்பது நாண் ஏற்றிய வில். அதைப் பிடித்து வைத்திருப்பது சுண்டு விரல் நகம் அளவுள்ள ஒரு கொக்கி. என் குடையில் அந்தக் கொக்கி பிளாஸ்டிக். 25 நாளில் அதன் விளிம்பு மழுங்கிவிட்டது. இதை நான் வாங்கும்போதே பார்த்திருக்கலாம்: மடக்கிப் பூட்டிய குடையைச் சுவரைப் பார்த்துப் பிடித்து நாலு தட்டுத் தட்டினால் போதும்.

அன்று மாலையே கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு இப்போது தமிழ் மறந்துவிட்டது. இந்தியில், “வாரண்டி கம்பிக்கும் துணிக்கும்தான், பூட்டுக்கு இல்லை” என்றார். துண்டுச் சீட்டைக் காட்டினேன். அதன் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருந்தது. 150 ரூபாய் கொடுத்தால் சர்வீஸ் செய்து தருவதாகவும், எட்டு நாள் ஆகும் என்றும் சொன்னார். கொடுத்துத் தொலைத்தேன். ஜூலை 11 அன்று குடை கைக்கு வந்தது.

அந்த எட்டு நாளுக்கு ஒரு கணக்கு உண்டு என்பது பிறகுதான் உறைத்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாள். நான் குடையைக் கொண்டுபோனது 25ஆம் நாள். திரும்பக் கிடைத்தது 33ஆம் நாள். தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜூலை 16. நரிமன் பாயிண்டில் ஒரு வேலை. சர்ச்கேட்டில் இறங்கி, கடற்கரை ஓரமாக நடக்கலாம் என்று புத்தி போனது. மரீன் டிரைவில் கடல் காற்று பக்கவாட்டில் அறைந்தது. விரித்து நூறு அடி நடந்திருக்க மாட்டேன். குடை உள்வெளியாகத் திரும்பியது. கடைக்காரர் செய்ததுபோல உலுக்கினேன். ஐந்து கம்பிகள் கீழே வந்தன, மூன்று வரவில்லை. நடுத்துண்டில் முறிந்து, ஒடித்த முருங்கைக்காய்போல் தொங்கின. உள்ளாடை வரை நனைந்து வேலையை முடித்தேன்.

இரவு சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துக் குடையை அறுத்துப் பார்த்தேன். முதலில் தேடியது என் மூன்று புள்ளிகளை. தண்டில் இல்லை. துடைத்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், இல்லவே இல்லை. சர்வீஸ் என்று 150 ரூபாய் வாங்கிக்கொண்டு வேறொரு குடையைத் தள்ளிவிட்டிருக்கிறார். என்னுடையதை யார் தலையில் கட்டினாரோ!

கம்பிகளுக்கு வருகிறேன். நீளக் குடையில் ஒவ்வொரு கம்பியும் ஒரே துண்டு. மடக்குக் குடையில் அது மூன்றாக வெட்டப்பட்டு, மூட்டுக்கு மூட்டு ரிவெட்டால் கோக்கப்பட்டிருக்கும். பக்கத்திலேயே ஓடும் இன்னொரு மெல்லிய கம்பி இணைகரம்போல் அமைந்து, வளையம் மேலே ஏறும்போது மூன்று துண்டையும் ஒரே நேரத்தில் நீட்டும். இந்தக் குடையில் ஒரு கம்பிக்கு ஆறு ரிவெட் எண்ணினேன். எட்டுக் கம்பிக்கு 48. அத்தனையும் அசையும் மூட்டு, அத்தனையும் பலவீனமான இடம். 1928இல் ஹான்ஸ் ஹௌப்ட் என்ற ஜெர்மானியர் கையடக்க மடக்குக் குடையை உருவாக்கினார்; அதற்கு ‘க்னிர்ப்ஸ்’ என்று பெயர். நம் ஊர்க் கணக்கில் ‘பொடியன்’. கையடக்கமாக வேண்டும் என்றால் மூட்டு தவிர்க்க முடியாது. ஆகவே மூட்டில்தான் யோக்கியதை தெரியும்.

என் மேஜையில் கிடந்ததன் யோக்கியதை இது. கடைசித் துண்டு மட்டும் ஃபைபர். நடுத்துண்டு தகடு, தெரியாமல் இருக்கக் கறுப்புப் பூச்சு. சாவிக்கொத்தில் நான் வைத்திருக்கும் சிறு காந்தம் ‘டப்’ என்று போய் ஒட்டிக்கொண்டது. தகட்டைப் பள்ளமாக மடித்து வாய்க்கால்போல் செய்தால் எடை ஏறாமல் விறைப்பு கூடும். இங்கிலாந்தில் சாமுவேல் ஃபாக்ஸ் 1852இல் இந்த யோசனையைக் குடைக்குக் கொண்டுவந்தார். நல்ல எஃகில், சரியான கனத்தில் செய்தால் அருமையான வேலை. இங்கே மைக்ரோமீட்டரில் அளந்தேன், தகட்டின் கனம் 0.3 மில்லிமீட்டர். அதிலும் ரிவெட் துளையைத் தகட்டின் விளிம்பை ஒட்டிக் குத்தியிருந்தார்கள்; நடுவே அரை மில்லிமீட்டர்கூட மிஞ்சவில்லை. எங்கள் டூல் ரூமில் ஒரு பையன் துளை குத்தும் அச்சை இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வேறு வேலைக்கு மாற்றியிருப்போம். மூன்று கம்பியும் சொல்லி வைத்தாற்போல் அந்தத் துளையில்தான் ஒடிந்திருந்தன.

ஃபைபர் வளைந்து மீளும். மெல்லிய தகட்டு வாய்க்கால் ஓரளவு வரை விறைப்பாக நிற்கும். அதன் பக்கச்சுவர் ஒருமுறை நெளிந்தால் முடிந்தது கதை. காற்றும் லேசுப்பட்டதில்லை. விரித்தால் ஒரு மீட்டர் அகலம் வரும் குடை, மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றை நேராக வாங்கினால் ஆறேழு கிலோ இழுக்கும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு.

மறுநாள் செம்பூர் ஸ்டேஷன் வாசலில் மழைக்காலத்துக்கு மட்டும் சாக்கு விரித்து உட்காரும் குடைக்காரரிடம் காட்டினேன். தாராவியில் இருக்கிறார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எனக்குத் தென்காசி என்பதால் சிநேகம். கையில் எடுத்த மாத்திரத்தில் சிரித்தார்.

“எவ்வளவு கொடுத்தீர்கள் அண்ணாச்சி?”

“650. சர்வீஸுக்கு 150.”

“இது மொத்தக் கடையில் 180க்குக் கிடைக்கிற சரக்கு. காடி மாற்றினால் ஒன்றுக்கு 40 ரூபாய். மூன்றை மாற்றித் தருகிறேன். அடுத்த காற்றுக்கு மற்ற ஐந்தும் போகும். பணத்தைக் கொட்டாதீர்கள்.”

குடைக் கம்பியை இங்கே காடி என்பார்கள். வேலை கிடைத்தும் வேண்டாம் என்று சொன்ன மனிதர் அவர். அவர்தான் இன்னொன்றையும் கவனித்தார்: உறையில் தயாரித்தவர் பெயரோ, இறக்குமதி செய்தவர் முகவரியோ, விலையோ எதுவுமே இல்லை. பொட்டலமாக விற்கும் பொருளில் இவை இருந்தே ஆக வேண்டும். உறையை நான் தூக்கி எறியாமல் வைத்திருந்தது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் செய்த புத்திசாலித்தனம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன். தமிழிலும் பேசலாம். சீட்டு, உறை, ஒடிந்த கம்பி எல்லாவற்றின் படங்களும் அனுப்பினேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரத்தில் கடையிலிருந்து அழைப்பு வந்தது, 650 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். 150க்கு ரசீது இல்லையே என்றார்கள். ரசீது கேட்காதது என் தப்பு, விட்டுவிட்டேன்.

நீங்கள் வாங்கும்போது, காட்டுகிற குடையைச் சோதித்து நேரத்தை வீணாக்காதீர்கள். உறையில் தருகிற குடையைக் கடையிலேயே பிரியுங்கள். பிரிக்கக் கூடாது என்றால் அடுத்த கடை. நடுத்துண்டில் நகத்தை ஓட்டுங்கள்; பள்ளம் தட்டுப்பட்டால் தகடு, உருண்டையாக இருந்தால் ஃபைபர். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் ஃபைபர் என்று முடிவு கட்டாதீர்கள், அலுமினியத்திலும் ஒட்டாது. பத்து முறை விரித்து மடக்குங்கள், கடைக்காரர் முறைத்தாலும். பஸ்ஸிலும் ரயிலிலும் தானியங்கிக் குடையைப் பிடிக்கும்போது கைப்பிடி முனை உங்கள் பக்கமோ தரையையோ பார்க்கட்டும், அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். கையால் தள்ளி விரிக்கும் சாதாரண மடக்குக் குடையில் இந்த ஆபத்தே இல்லை, நான் இப்போது வைத்திருப்பது அதுதான்.

போன சனிக்கிழமை தாதர் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு தம்பதிக்கு அந்த நீலக் குடையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அதே குடைதான், கைப்பிடியின் அடியில் பிறை வடிவத்தில் ஒரு பழைய கீறல் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.