புளித் தண்ணீரா, சோடா உப்பா, தோட்டத்திலேயே கேட்பதா?

குமுளியில் எங்கள் வீட்டுக்கு வரும் காய்கறியில் பாதிக்கு மேல் கம்பத்திலிருந்து மலையேறி வருவதுதான். கறிவேப்பிலைக் கட்டைப் பிரித்தால் சில நாள் இலைமேல் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும், காட்டமான வாடையும் அடிக்கும். அது பூச்சிக்கொல்லி; தோட்டத்தில் அதற்குப் பெயர் 'மருந்து'. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கும்போது அந்தப் பெயரே உறுத்துகிறது. எடைக்கு எடை பார்த்தால் குழந்தை நம்மைவிட அதிகம் சாப்பிடுகிறது. பூச்சிக்கொல்லிகளில் ஆர்கனோபாஸ்பேட் என்றொரு வகை உண்டு, அது தாக்குவது நரம்பை. அதனால்தான் எந்த வழியில் எவ்வளவு போகும் என்று உட்கார்ந்து பார்த்தேன்.

ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவது தூசியையும் மேலே ஒட்டியதில் ஒரு பங்கையும் எடுக்கும். பாத்திரத்தில் முக்கி எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீர் காலிஃபிளவர் புழுவை வெளியே கொண்டுவரும். அது வேறு வேலை.

உண்மையான போட்டி புளிக்கும் சோடா உப்புக்கும்தான். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வகம் சந்தைக் காய்கறிகளை வாங்கித் தொடர்ந்து சோதிக்கிறது. கறிவேப்பிலை, புதினா, மல்லித்தழை, பச்சை மிளகாய் எல்லாம் அங்கே அடிக்கடி மாட்டுகிறவை. இலைகளுக்கு அவர்கள் சொல்லும் வழி 2% புளிக்கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம், பெரிய நெல்லிக்காய் அளவு புளி. கால் மணி நேரம் ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சோடா உப்புக்கு ஆதாரம் 2017ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்து நடந்த சோதனை. லிட்டருக்கு 10 கிராம் கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறியதும் தோல்மேல் இருந்த இரண்டு மருந்துகளில் ஒன்று 80 சதவீதமும் மற்றது 96 சதவீதமும் போயின. ஆனால் கீரையைச் சோடாவில் போட்டால் துவண்டுவிடுகிறது. அதனால் எங்கள் வீட்டில் இலைக்குப் புளி. தக்காளி, திராட்சை, கத்தரிக்காய்க்குச் சோடா.

அதே ஆப்பிள் சோதனையில் முதல் மருந்தில் மீதி இருந்தது தோலுக்குள் இறங்கிவிட்டது. எந்தக் கரைசலும் அதைத் தொடவில்லை. இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றோடு ஓடுபவை. வெண்டைக்காய்க்குள் போனதை வெளியிலிருந்து எப்படிக் கழுவுவது? தோல் சீவுவது வெள்ளரிக்கு உதவும், பீன்ஸுக்கு ஏது தோல்? வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் போகும், சாம்பாரில் எல்லாம் உள்ளேயே கிடக்கும்.

ஆக, காய்க்குள் எவ்வளவு இருக்கும் என்பது தோட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. கடைசியாக அடித்த நாளுக்கும் பறித்த நாளுக்கும் நடுவே எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு, டப்பாவோடு வரும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். கம்பம் பக்கம் சித்தப்பாவின் பாகற்காய்ப் பந்தலில் நின்றபோதுதான் சிக்கல் புரிந்தது. பாகல், வெண்டை, பீன்ஸ் எல்லாம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். ஒரு வாரம் காத்திருந்தால் காய் முற்றிவிடும், இரண்டு பறிப்புப் பணம் போய்விடும். பூசணி, சேனை, வெங்காயத்துக்கு இந்த அவசரம் இல்லை. சந்தேகம் வரும் வாரத்தில் நான் இவற்றைத்தான் அதிகம் வாங்குகிறேன்.

இயற்கைக் கடை? விலை தாங்குமென்றால் சரி. பலகையில் 'இயற்கை' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, ஜைவிக் பாரத் என்ற அரசு முத்திரையோ, விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்த்துத் தரும் பி.ஜி.எஸ். சான்றோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏலக்காயில் மேலே சொன்ன எந்தக் கழுவலும் செல்லாது. அதை வீட்டில் யாரும் கழுவுவதில்லை. 2023 ஜனவரியில், சபரிமலை அரவணைப் பிரசாதத்தில் சேர்த்த ஏலக்காயில் வரம்பை மீறிய மருந்து எச்சம் இருப்பதாகச் சோதனை முடிவு வந்ததும் கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. 6 லட்சம் டின்னுக்கு மேல் தேங்கின. 2024ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கு பிரசாதத்தைப் பற்றியது. எனக்கு நினைவு வந்தது மதினியைத்தான். விடியுமுன்னே ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறவர் அவர். "முந்தின நாள் அடிச்ச காட்டுல எடுத்தா ராத்திரி பூரா கண்ணு எரியும்" என்பார். நாம் சாப்பாட்டில் எச்சம் என்று மில்லிகிராம் கணக்கில் பேசுவது அவர் கையில், மூச்சில் கூலியோடு சேர்ந்து வருகிறது. காத்திருப்புக் காலம் சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டால் அவருக்கும் என் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு. புளித் தண்ணீரால் அது முடியாது.

கறிவேப்பிலைக்கு வீட்டு வாசலிலேயே ஒரு கன்று வைத்துவிட்டேன். மற்றதற்கு, சித்தப்பாவிடம் மருந்து அடிக்கும் தேதியைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். முதலில் முகம் சுளித்தார். இப்போது பம்புசெட் அறையில் தொங்கும் காலண்டரில் அடித்த நாளைப் பேனாவால் சுழிக்கிறார். போன வாரம் போன் செய்தபோது சொன்னார்: "பாவக்காய்க்கு இன்னும் மூணு நாள் இருக்கு தாயி. சுரைக்காய் வேணா இன்னைக்கே வந்து எடுத்துக்க."