ஆண்களுக்கான கசிவுப் பேட்: சிறுநீர்ச் சொட்டுக்குச் சரி, மற்றதற்கு?

ஜட்டிக்குள் ஒட்டிக்கொள்ளும் கிண்ண வடிவப் பேட் இது. முன்பக்கம் அகலம், பின்னால் போகப்போகக் குறுகும். மேலே ஈரத்தை உள்ளே இறக்கும் மெல்லிய துணி, நடுவில் பஞ்சோடு கலந்த சோடியம் பாலிஅக்ரிலேட் குருணை, அடியில் நீர் புகாத தாள், அதன் முதுகில் பசைப்பட்டை. சிறுநீர் பட்டதும் குருணை ஊதி ஜெல்லாகிவிடும். அழுத்தினாலும் எளிதில் திரும்ப வராது.

சிறுநீர் கழித்து ஜிப்பை மூடிய பிறகு நாலு சொட்டு விழுந்து பேண்ட்டில் வட்டம் போடுகிறதே, அதற்கு இது கச்சிதம். மிகச் சிறிய சைஸே போதும். பெரியதை வாங்கினால் தொடை இடுக்கில் உரசுவதுதான் மிச்சம்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் மில்லிலிட்டர் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். முழுப் பேடையும் திரவத்தில் முக்கியெடுத்து அளந்தால் எண் பெரிதாகத்தான் வரும். உடம்பில் சொட்டு ஒரே இடத்தில் விழுகிறது. ஓரம் காய்ந்திருக்கும்போதே நடுப்பகுதி நிறைந்துவிடும். வீட்டிலேயே சோதிக்கலாம். சிறுநீருக்குப் பதிலாக ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, அதில் 20 மில்லியை நடுவில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம் கழித்து டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்துங்கள். பேப்பர் நன்றாக நனைந்தால் அந்தப் பேட் வேண்டாம். உப்பில்லாத தண்ணீரில் குருணை பல மடங்கு கூடுதலாக உறிஞ்சி நம்மை ஏமாற்றிவிடும்.

ஓரமாக ஒழுகுகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் தொளதொள பாக்ஸருடையது. ஜட்டி உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், உறுப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும். தோலில் பூசும் களிம்பைத் தடிமனாக அப்பினால் மேல்துணி அடைபட்டு ஈரம் தோலிலேயே நிற்கும். வாசனை போட்ட ரகம் அரிப்பைத்தான் கூட்டும். கழற்றியதைக் குப்பையில் போடுங்கள். ஃபிளஷ் செய்தால் ஊதிப்போய்க் குழாயை அடைக்கும்.

ஆனால் இந்தச் சொட்டுக்குப் பேடே தேவைப்படாமல் போகலாம். விதைப்பைக்குப் பின்னால் சிறுநீர்க் குழாய் வளையும் இடத்தில் கொஞ்சம் தங்கி, நடக்கும்போது இறங்குகிறது, அவ்வளவுதான். கழித்து முடித்ததும் சில நொடி பொறுத்து, விதைப்பைக்குப் பின்னால் விரல்களை வைத்து மேல்நோக்கியும் முன்நோக்கியும் மெல்ல அழுத்தித் தள்ளுங்கள். இரண்டு மூன்று முறையில் தங்கியது வந்துவிடும். கூடவே வாயு பிரியாமல் அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்தால் சில வாரங்களில் பலன் தெரியும்.

விந்துக்கு இந்தப் பேட் சுமார்தான். கெட்டியான திரவம் துணிமேல் பிசுபிசுவென்று நிற்கும். தூக்கத்தில் வெளியேறுவது, கிளர்ச்சியின்போது வரும் நிறமற்ற வழவழப்பு, மலம் கழிக்க முக்கும்போது எப்போதாவது வரும் வெண்துளி எல்லாம் நோயல்ல. தாது நஷ்டம் என்று பயமுறுத்தி விற்கும் லேகியத்துக்கும் இங்கே வேலையில்லை.

மஞ்சளாக, பச்சையாகச் சீழ் வந்தாலோ, எரிச்சல் இருந்தாலோ, ரத்தம் கலந்தாலோ பேட் அதை மறைக்கத்தான் உதவும். வெட்டை (கொனோரியா), கிளமிடியா போன்ற பாலுறவால் பரவும் தொற்றுக்குப் பரிசோதனை வேண்டும். கையிலிருக்கும் ஆன்டிபயாடிக்கை முதலில் விழுங்காதீர்கள், முடிவு குழம்பும். பரிசோதனைக்குக் கேட்பது, கழிக்கத் தொடங்கியதும் முதலில் வரும் சிறுநீரைத்தான். கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே கழிக்காமல் இருந்து போங்கள்.