கோத்தகிரியில் நாங்கள் இன்சுலின் வாங்கும் கடை

என் மகனுக்கு ஆறு வயது. போன ஆனி மாதம் இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழித்தான். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். தைத்து மூன்று மாதமே ஆன பள்ளிச் சட்டை தோளில் தொங்கியது. வாந்தியும் மேல்மூச்சும் வந்த பிறகுதான் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதல் வகை நீரிழிவு என்றார்கள். ஒன்பது நாள் கழித்து, இரண்டு இன்சுலின் குப்பிகளை ஐஸ் டப்பாவில் வைத்து மடியில் அணைத்தபடி மேட்டுப்பாளையத்தில் மலை பஸ் ஏறினேன்.

கோத்தகிரி பஸ் நிலையத்திலிருந்து இறங்கும் வழியில் உள்ள சிறிய மருந்துக் கடையைப் பற்றி எழுதவே உட்கார்ந்தேன். மருந்தாளுநர் ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

முதல் மாதம் ஊசிகளை வேறொரு கடையில் வாங்கினேன். மறுநாளிலிருந்து பையனுக்குச் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவே இல்லை. டப்பாவில் இருந்த வர்க்கியைத் திருடித் தின்றாயா என்று கேட்டு அவனை அழவைத்தேன். இல்லை அம்மா, இல்லை அம்மா என்றான். நான் நம்பவில்லை. மூன்றாம் நாள் பரிசோதனைப் பட்டை வாங்க இந்தக் கடைக்குப் போனபோது அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஊசியில் போடுகிறாய், காட்டு" என்றார். பையில் இருந்ததை எடுத்தேன். ஆரஞ்சு மூடி.

எங்கள் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி வேண்டும். ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்காகக் கோடு போட்டது. அதில் 5 என்ற கோடு வரை இழுத்தால் குழந்தைக்குப் போவது 2 யூனிட்தான். மாறிப்போய், 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். குழந்தை மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். இதையெல்லாம் ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டுக் காட்டினார். அத்தோடு விடவில்லை. அடுத்த ஊசிக்கு என்ன அளவு என்று மருத்துவரிடம் கடையில் நின்றபடியே என்னைப் பேச வைத்தார். வீட்டுக்குப் போய்ப் பையனைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

இன்சுலினுக்கென்றே தனிக் குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கிறார். உள்ளே ஒரு வெப்பமானி. காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுகிறார். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் ஓடுகிறது. உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது என்பதால் உறைபெட்டிக்குப் பக்கத்தில் எதையும் வைப்பதில்லை. 2009 நவம்பரில் மண் சரிந்து மலைச் சாலைகள் துண்டிக்கப்பட்ட நாட்களை அவர் மறக்கவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் எங்களைப் போன்றவர்களுக்காகக் கூடுதல் குப்பிகள் எடுத்து வைக்கிறார். எனக்கு இந்தக் கடையில் மிகப் பிடித்தது இதுதான்.

திறந்த குப்பியை இந்த ஊர்க் குளிரில் வெயில் படாத அலமாரியிலேயே வைக்கலாம், 28 நாள் கழிந்தால் எறிந்துவிடு என்று சொல்லி, திறந்த தேதியை அவரே குப்பியில் எழுதித் தந்தார். சில்லென்ற மருந்து உள்ளே போனால் வலிக்கும். அலமாரிக்கு மாறிய பிறகு பையன் இரவு ஊசிக்கு ஓடி ஒளிவதில்லை. மார்கழி விடியலில் சர்க்கரை பார்க்கும் கருவி எண் காட்டாமல் அடம் பிடித்தபோதும் வழி சொன்னது அவர்தான்: 10 டிகிரிக்குக் கீழே அது வேலை செய்யாது, ஸ்வெட்டருக்குள் சற்று நேரம் வைத்திரு. ரத்தம் வராத விரலை வெந்நீர் டம்ளரில் ஒற்றி, ஈரம் துடைத்துவிட்டுக் குத்தினால் ஒரே குத்தில் வந்துவிடுகிறது.

பாகற்காய்ச் சாறு கொடுத்து ஊசியை நிறுத்திவிடலாம் என்று என் மாமியார் இந்தக் கடையிலேயே சொன்னபோது, அக்கா கோபப்படவில்லை. "பெரியம்மா, இவன் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோய்விட்டது. ஊசி இவனுக்குச் சோறு மாதிரி" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

குறைகளும் உண்டு. தள்ளுபடி கிடையாது, இணையத்தில் விலை குறைவு. இருந்தாலும் மேட்டுப்பாளையம் வெயிலில் பார்சல் வண்டியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று தெரியாத மருந்தை என் பிள்ளைக்கு ஏற்ற மாட்டேன். அரை யூனிட் கோடு போட்ட ஊசி கேட்டு நான்கு மாதமாகிறது, இன்னும் வரவில்லை. சின்னக் குழந்தைக்கு அரை யூனிட் பெரிய வித்தியாசம். கடையில் உதவிக்கு நிற்கும் தம்பி, "சர்க்கரைப் பையனுக்கு மருந்து" என்று உரக்கச் சொல்கிறான். வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்த்து, ஐயோ பாவம் என்கிறார்கள். என் மகனுக்குப் பெயர் இருக்கிறது. அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், கண்டித்திருக்கிறார்.

போகிறவர்கள் ஐஸ் டப்பா எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் குப்பியில் நேராகப் படாமல் துணி சுற்றுங்கள். ஞாயிறு பகல் ஒரு மணிக்குக் கடை மூடிவிடும்.