பென்னி படமா, மெஸோடின்டா?

1814 ஜனவரி 26 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடிகர் எட்மண்ட் கீன், ஷேக்ஸ்பியர் நாடகத்து ஷைலாக்காக மேடையேறி, ஒரே இரவில் பெயர் வாங்கிவிட்டார். அந்த அரங்கில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் உட்காரலாம். மேல்மாடத்துக் கடைசி வரிசைக்காரருக்கு நடிகரின் முகம் எங்கே தெரியப்போகிறது? முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர் படக்கடைக்குத்தான் போக வேண்டும். அங்கே காசுக்கேற்ற சரக்கு கிடைத்தது.

பணம் இருந்தால் மெஸோடின்ட் என்ற செப்புத் தகட்டு அச்சுப்படம். தகடு முழுவதையும் பல் வைத்த கருவியால் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை தடவி அச்சடித்தால் தாள் முழுக்கக் கறுப்பாக வரும். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் தேய்த்து மழமழப்பாக்கினால் இருட்டிலிருந்து முகம் மேலெழும். நடிகர் ஜான் பிலிப் கெம்பிள் ஹாம்லெட்டாக மண்டையோட்டைப் பிடித்து நிற்கும் தாமஸ் லாரன்ஸின் ஓவியம் (1801) இந்த முறைக்கென்றே வரைந்தது போலிருக்கும். கறுப்பு அங்கி, கறுப்பு வானம், நடுவே வெளுத்த ஒரு முகம். ஆனால் செம்பு மென்மையானது. அச்சடிக்கும் படிகள் கூடக் கூட அந்தக் கறுப்பு சாம்பலாகிவிடும். சேகரிப்பவர்கள் முதலில் அச்சான படிகளைத் தேடி அலைவது இதனால்தான்.

இன்னொரு குறையும் உண்டு. இவை ஓவியத்தின் நகல்கள், நாடகத்தின் நகல்கள் அல்ல. நடிகை சாரா சிடன்ஸைத் துன்பியல் தேவதையாக ஓவியர் ரெனால்ட்ஸ் வரைந்ததை (1784), ஃப்ரான்சிஸ் ஹேவர்ட் 1787இல் புள்ளி புள்ளியாகச் செதுக்கி ஸ்டிப்பிள் படமாக்கினார். அருமையான வேலை. ஆனால் மேகத்தின் மீது சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருப்பது ஓவியர் கற்பனை செய்த தேவதை, நாடகக் காட்சி அல்ல.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் பென்னி படம். வெறும் கோடு என்றால் ஒரு பென்னி, கலர் அடித்தது இரண்டு பென்னி. 1811 முதல் வில்லியம் வெஸ்ட் போன்றவர்கள் வீட்டில் வெட்டி விளையாடும் பொம்மை நாடகத் தாள்களோடு இந்த வகையையும் விற்றார்கள். நடிகர் யாரானாலும் ஒரே நிலைதான்: ஒரு காலை அகல வைத்து, கையை உயர்த்தி, வாளை ஓங்கியிருப்பார். நெட்டையான கெம்பிளும் குள்ளமான கீனும் இதில் அண்ணன் தம்பி மாதிரி. வாங்கியவர்கள் அதோடு விடவில்லை. கவசத்துக்கும் கிரீடத்துக்கும் அச்சில் வெட்டிய ஜிகினாத் துண்டுகள், அங்கிக்குத் துணி, தொப்பிக்கு இறகு என்று ஒட்டி ஜொலிக்க வைத்தார்கள். எனக்கு இந்த வகைதான் பிடிக்கும். எண்ணெய், காஸ் விளக்குகளின் வெளிச்சத்தில் மேடை எப்படிப் பளபளத்தது என்பதை மெஸோடின்டின் இருட்டைவிட இந்த ஜிகினா நன்றாகச் சொல்கிறது.

ஆனால் நடிப்பு? மூன்றாம் ரிச்சர்டாகச் சண்டையிட்ட கீன், வாள் பறிபோன பிறகும் கைகளை நீட்டியபடி நின்றார் என்று விமர்சகர் ஹாஸ்லிட் எழுதியிருக்கிறார். பென்னி படத்து வீரனின் கையிலிருந்து வாளைப் பிடுங்கவே முடியாது. கெம்பிள் விஷயம் வேறு. சிலைபோல் நிமிர்ந்து நிற்பதே அவருடைய பாணி. அதனால் மெஸோடின்டில் அவருக்கு அதிக நஷ்டமில்லை.

இந்த இரண்டு வகைக்கும் இடையில் ஜான் பெல் வெளியிட்ட நாடகப் புத்தகங்களின் படங்கள். 1776இல் வாரம் ஒரு நாடகமாக, ஆறு பென்ஸுக்கு வந்தவை. சில படங்களில் நடிகர் மேடையில் ஏற்றே இராத வேடத்தில் நிற்பார். ஆதாரமாக எடுக்கும்போது உஷாராக இருக்க வேண்டும். 1790களில் வந்த மறுபதிப்புக்கு சாமுவேல் டி வைல்ட் வரையத் தொடங்கியதும் தரம் கூடியது. நகைச்சுவை நடிகர்களைப் பார்க்க இவரை விட்டால் ஆளில்லை. கோணலான வாய், பொருந்தாத கோட்டு எதையும் விடமாட்டார். சார்லஸ் மேத்யூஸ் என்ற நகைச்சுவை நடிகரே இவருடைய ஓவியங்களை நிறைய வாங்கிச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு இன்று லண்டன் கேரிக் கிளப்பில் இருக்கிறது.